வழிநூலும் வாசல் திண்ணையும்

நூலை நம்பி வழி நடப்பவன் ஒருவன். ஆளை நம்பி வழி நடப்பவன் மற்றொருவன். நான் முதல் வகை. மர்ஹூம் என் தந்தையார் இரண்டாம் வகை. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் போதித்து வருகிற எனக்கு, அச்சேறிய எழுத்தின் மீது அளவு கடந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையைத் தூர தேசத்து மலைச்சாரலில் ஒரு குளிரிரவு சோதித்துப் பார்த்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

ஜெர்மனியில் பொறியாளனாகப் பணிபுரியும் என் மூத்த மகன், "அத்தா, ஆயுசு பூரா அந்தலூஸ் அந்தலூஸ்னு பாடம் நடத்துறீங்க, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று பல காலமாக வற்புறுத்தி வந்தான். ஹிஜ்ரி 1445 ஷஃபான் மாதத்து மதரஸா விடுமுறையில், அதாவது 2024 பிப்ரவரி இறுதியில், அது கைகூடிற்று. நானும் என் இல்லாளும் மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன் ஆகியோருடன் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் வந்து சேர்ந்தோம். அங்கே மகன் வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்த வாகனத்தைக் கண்டதும் என் இல்லாள், "இது வண்டியா, வீடாங்க?" என்று கேட்டாள். இரண்டுந்தான் அது. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை அனைத்தும் சக்கரத்தின் மேல்! மோட்டார்ஹோம் என்கிறார்கள். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரணக் கார் உரிமமே அதனை ஓட்டப் போதுமாம்.

வீட்டையே உடன் கொண்டு போகிறவனுக்கு விடுதி எதற்கு என்று நான் எண்ணினேன். அந்த எண்ணம் இரண்டாம் நாளே பொய்த்தது. வீடு உடன் வந்தாலும் கிணறு உடன் வருவதில்லை; சாக்கடையும் உடன் வருவதில்லை. நல்ல நீர்த்தொட்டியை நிரப்ப வேண்டும். கழிவுநீரை வெளியேற்ற வேண்டும். கழிப்பறைப் பெட்டியை அதற்குரிய இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும். மின்கலத்துக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். எரிவாயு தீருமுன் உருளையை மாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் வசதி செய்து, ஓரிரவுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெற்று இடந்தருவதே முகாம் திடல். சுருங்கச் சொன்னால், நம் முன்னோர் சத்திரம் என்றும் அரபியர் ஃபுந்துக் என்றும் சொன்னதன் இக்கால வடிவம்.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்துமிடத்தில் நிறுத்தி உள்ளேயே உறங்கினால் அது வெறும் 'நிறுத்தம்'. வெளியே பந்தல் விரித்து நாற்காலி போட்டால் அது 'முகாம்' என்று ஸ்பெயின் நாட்டுப் போக்குவரத்துத் துறை பிரித்துப் பார்க்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரே வியப்பு! பதினைந்து நாள் தங்க நிய்யத் செய்தவன் முகீம், அதற்குக் குறைந்தால் முஸாஃபிர் என நம் ஹனஃபி இமாம்கள் வகுத்த வரையறையைத்தானே நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன்! நிற்பதற்கும் தங்குவதற்கும் இடையே கோடு கிழிக்கும் தேவை எல்லாச் சட்டத்துக்கும் உண்டு போலும்.

*

முகாம் திடல்களைத் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மகன் கைப்பேசியைக் காட்டினான். நான் புத்தகத்தைக் காட்டினேன். அது அவன் ஜெர்மனியில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்காக வாங்கி வைத்திருந்த ஐரோப்பிய முகாம் கையேடு. செங்கல் கனம், பொடி எழுத்து. ஒவ்வொரு முகாமுக்கும் இரண்டு அங்குல இடம். அதற்குள் ஊர்ப்பெயர், வழி, திறந்திருக்கும் மாதங்கள், கட்டணம், வரிசை வரிசையாகச் சின்னங்கள். குழாய் வரைந்திருந்தால் குடிநீர். மின்னல் வரைந்திருந்தால் மின்சாரம். எந்த மொழிக்காரனும் படிக்கலாம்.

இத்தகைய கையேடுகளுள் புகழ்பெற்ற ஒன்றைத் தொடங்கியவர் 1965-இல் நெதர்லாந்து நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று மகன் சொன்னபோது என் மனம் குளிர்ந்தது. ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் நேரில் போய்ப் பார்த்து எழுதுவதே அந்நூலின் சிறப்பாம். வழிகாட்டும் நூல் செய்வது ஆசிரியருக்கு ஏற்ற தொழில்தானே!

அது நமக்குப் புதிய துறையும் அன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே, அப்பாஸியர் ஆட்சியில் அஞ்சல் துறை அதிகாரியாயிருந்த இப்னு குர்தாத்பிஹ், பாதைகளையும் தங்குமிடங்களையும் அவற்றின் இடைத்தொலைவையும் தொகுத்து 'அல்மஸாலிக் வல் மமாலிக்' என்னும் நூலை எழுதினார். நாங்கள் வண்டியேறிய வலென்சியாவில் 1145-இல் பிறந்த இப்னு ஜுபைர், 1183-இல் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, கண்ட ஊரையும் உண்ட நீரையும் இறங்கிய விடுதியையும் தேதியிட்டு எழுதி வைத்தார். மலபார்ச் சாலை நெடுகிலும் அரை மைலுக்கு ஒரு மரவீடும் அதனருகே கிணறும், நீர் தர ஓர் ஆளும் இருந்ததை இப்னு பதூதா பதிவு செய்திருக்கிறார்.

தமிழின் சொத்தோ இதனினும் பழையது. ஆற்றுப்படை என்பது வேறென்ன? பரிசில் பெற்று மீண்டவன், வறுமையோடு எதிர்ப்பட்டவனுக்கு, 'இந்த வழியே போ. இந்த ஊரில் இன்ன உணவு தருவர். இந்த இடத்தில் வழுக்கும். இங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பர், பார்த்து நட' என்று சொல்லி அனுப்புவது. மலைபடுகடாம் முழுவதும் இத்தகைய எச்சரிக்கைகள் நிறைந்திருக்கும். நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும், பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்துக்குப் புலவர்களை வழிப்படுத்திப் 'புலவராற்றுப்படை' பாடினார். ஆற்றுப்படையின் இலக்கணம் ஒன்றே: போய் வந்தவன்தான் வழி சொல்ல வேண்டும்.

எங்கள் கையேட்டில் அச்செழுத்தோடு இன்னொன்றும் இருந்தது. முன்பு அதனை வைத்திருந்த யாரோ ஒரு ஜெர்மானியர் பக்க ஓரங்களில் பென்சிலால் சிறு குறிப்புகள் எழுதியிருந்தார். மத்னுக்கு ஷரஹும் ஷரஹுக்கு ஹாஷியாவும் ஓதி வளர்ந்தவன் நான். ஓரக்குறிப்பைக் கண்டால் என் கண் அங்கேதான் போகும். மகனைப் பொருள் சொல்லச் சொன்னேன். 'தண்ணீர் நன்று', 'நாய்கள் இரவெல்லாம் குரைக்கும்', 'வயதான காவலர், அன்பானவர்' என்பன போன்றவை. "வேற ஒருத்தர் நாட்குறிப்பைப் படிக்கிற மாதிரி இருக்குங்க அத்தா" என்று சிரித்தான் மகன்.

*

மூன்றாம் நாள் மூர்சியாவைக் கடந்து கிரனாடாவை நோக்கிச் சென்றோம். அன்று இரவு தங்கப் பாஸா நகருக்கு அப்பால் மலைமீதிருந்த ஒரு முகாமைக் காலையிலேயே நான் தேர்ந்திருந்தேன். நீர், மின்சாரம், வெந்நீர் எல்லாச் சின்னங்களும் இருந்தன. கைப்பேசியும் 'திறந்திருக்கிறது' என்றது. நூலும் கருவியும் ஒன்றுபட்டதால் யாரும் வேறொன்றும் விசாரிக்கவில்லை.

மஃக்ரிப் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். இரும்புக் கதவில் சங்கிலி. உள்ளே ஒரு விளக்கும் இல்லை. மேட்டுநிலம்; பனிமூட்டம்; எலும்பை ஊடுருவும் குளிர். எரிவாயு உருளை அன்று மாலைதான் தீர்ந்திருந்தது. முகாமில் மின்சாரம் கிடைக்கும் என்ற துணிவில் வழியில் மாற்றாமல் வந்துவிட்டோம். என் இல்லாளுக்கு மூச்சிரைப்பு உண்டு; குளிர் பட்டால் இரவெல்லாம் உட்கார்ந்தேதான் இருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் பேரனைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் நெஞ்சின் ஓசை மட்டும் கேட்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஊருக்கு முப்பது கிலோமீட்டர் வளைவு நெளிவான மலைச்சாலை. நாள் முழுதும் ஓட்டிக் களைத்த மகன், "இந்தப் பனியில என்னால ஓட்ட முடியாதுங்க அத்தா" என்றான்.

கைவிளக்கைப் பிடித்துப் புத்தகத்தை மறுபடி விரித்தேன். சின்னங்களுக்கு மேலே, எறும்பு ஊர்ந்தாற்போல் நான்கு எண்கள்: 1/4 – 31/10. ஏப்ரல் முதல் அக்டோபர் முடியத்தான் திறந்திருக்குமாம்! நூல் பொய் சொல்லவில்லை. படித்தவன்தான் சரியாகப் படிக்கவில்லை. ஷர்த்தை விட்டுவிட்டு ஹுக்மை மட்டும் மனனம் செய்யும் மாணவனை எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்! அன்று இருட்டில் நானே எழுந்து நின்றேன்.

அப்போதுதான் பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. மகன் விளக்கை நெருக்கி வாசித்தான்: 'குளிர்காலத்தில் மூடியிருக்கும். கீழே இரண்டு கிலோமீட்டரில் ஆட்டுப் பண்ணை. கேளுங்கள்.'

கேளுங்கள்! அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இறங்கினோம்.

பண்ணை வீட்டின் முன் நாய் குரைத்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கதவைத் திறந்தார். மகனுக்கு ஸ்பானிய மொழி நாலு சொல்தான் தெரியும். எனக்கோ அதுவும் இல்லை. பெரியவர் பேச்சைக் கேட்டு நிற்கவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். என் இல்லாள் மூச்சு வாங்குவதைக் கண்டார். தொழுவத்திலிருந்து நீண்ட மின்கம்பி ஒன்றை இழுத்து வந்து வண்டியில் இணைத்தார். வீட்டுக்குள் போய்ச் சிறு மின்கணப்பு ஒன்றையும் கொண்டு வந்தார். பிறகு ஒரு சட்டி நிறையச் சூடான பால்.

வண்டிக்குள் வெதுவெதுப்பு ஏறியது. இல்லாளின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கிற்று. நான் தொழுவத்தின் ஓரம் முஸல்லாவை விரித்தேன். வாழ்நாளெல்லாம் மேச்சேரியில் மேற்கு நோக்கித் தொழுத நான், அங்கே கிழக்கு நோக்கி நின்று, நான்கு ரக்அத் இஷாவை இரண்டாகச் சுருக்கித் தொழுதேன். பயணிக்குத் தொழுகையையே சுருக்கிக் கொடுத்த மார்க்கத்தின் கருணை அன்றுதான் என் உடம்புக்கு விளங்கிற்று. ஸலாம் கொடுத்துத் திரும்பினால், பெரியவர் சற்றுத் தள்ளி நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அது என்னிடம் வராதபடி.

காலையில் அவருடைய ஆடுகளைப் பார்த்தேன். வெள்ளை நிறம், கம்பளி மூடிய உடம்பு. அந்த வட்டாரத்துக்கே உரிய செகுரேனியா இனம். என் கைப்பேசியில் இருந்த எங்கள் மேச்சேரிச் செம்மறியின் படத்தைக் காட்டினேன். பழுப்பு நிறத்தில், கம்பளியே இல்லாமல், தோலுக்குப் பேர்போன ஆடு. அவர் படத்தை விரலால் தடவிப் பார்த்து, 'கம்பளி எங்கே?' என்பதுபோல் கையை விரித்தார். நான் வானத்துச் சூரியனைக் காட்டி, நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் நடித்துக் காட்டினேன். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். பணத்தை நீட்டியபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. என் கையை மூடி என் மார்போடு சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

*

வண்டி புறப்பட்டு வெகுநேரம் யாரும் பேசவில்லை. பின்னர் என் இல்லாள் மெல்லச் சொன்னாள்: "மாமா இருந்திருந்தா அந்த ஆட்டு வியாபாரிய அனுப்பியிருக்க மாட்டாருங்க."

அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அன்பர்களே, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

மேச்சேரியில் எங்கள் பழைய வீட்டுக்கு நீண்ட திண்ணை இருந்தது. ஆட்டுச் சந்தைக்கு முந்திய இரவு, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆடு ஓட்டி வருவோர் அதில் வந்து படுப்பர். யார், என்ன சாதி, எந்த மதம் என்று என் தந்தையார் கேட்டதில்லை. ஒரு பானைத் தண்ணீர், இரண்டு கோரைப்பாய், ஓர் அரிக்கேன் விளக்கு, இவ்வளவுதான் அவருடைய சத்திரம். அவர் எந்த நூலும் ஓதியவர் அல்லர். ஆனால் மேச்சேரிக்குப் போனால் எங்கே படுக்கலாம் என்று ஆட்டு வியாபாரிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஆற்றுப்படையில் அவர் பெயர் இருந்தது.

2012-இல் நான் வீட்டைப் புதுப்பித்தேன். திண்ணை போயிற்று, சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்தன. இரண்டாண்டு கழித்து ஒரு மழையிரவு, பழைய பழக்கத்தில் முதியவர் ஒருவர் நாலைந்து ஆடுகளோடு வந்து கதவைத் தட்டினார். நான் கதவைத் திறக்காமலே, "பேருந்து நிலையத்தில் இடம் இருக்கும், பாருங்க" என்றேன். அவர், "சரிங்க சாமி" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று மாலைதான் மாணவர்களுக்கு ஸகாத்துக்கு உரிய எட்டு வகையினரைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். எட்டாமவர் இப்னுஸ் ஸபீல், பாதையின் மைந்தர். அச்சொல்லின் இலக்கணத்தையெல்லாம் விளக்கினேன். அச்சொல்லே அன்றிரவு மழையில் நனைந்தபடி என் கதவைத் தட்டியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை!

கிரனாடாவில் அல்ஹம்ராவைக் கண்டேன், அழகில் மயங்கினேன். ஆயினும் என் மனத்தில் பதிந்தது நகருக்குள்ளிருக்கும் ஒரு பழைய விடுதிதான். பதினான்காம் நூற்றாண்டில் நஸ்ரி மன்னர் காலத்தில் எழுந்த வணிகர் விடுதி. பிற்காலத்தில் கரி வியாபாரிகள் தங்கியதால் 'கரி முற்றம்' என்று பெயர் பெற்றது. நடுவே நீர்த்தொட்டி, சுற்றிலும் மூன்று அடுக்குக் கூடங்கள், கீழே சரக்கும் விலங்கும், மேலே மனிதர். எங்கள் முகாம் திடல்களும் இப்படித்தான்: நடுவே நீர், சுற்றிலும் வண்டிகள். ஃபுந்துக் என்னும் அரபுச் சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் மூலச் சொல்லுக்கு 'எல்லாரையும் ஏற்பது' என்று பொருள். அரபியிலிருந்து அது ஸ்பானிய மொழிக்குள் புகுந்து 'ஃபோந்தா' ஆயிற்று. மூன்று மொழிகள் கைமாறிய அந்தச் சொல்லின் பொருளை ஓர் ஆட்டிடையர் எனக்கு ஓர் இரவில் கற்பித்துவிட்டார்.

எல்லா விடுதியும் எல்லாரையும் ஏற்றதில்லை என்பதும் உண்மை. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குப் பல விடுதிகள் இடந்தர மறுத்த காலத்தில், நியூயார்க் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற அஞ்சல் ஊழியர், அவர்களை ஏற்கும் விடுதிகளைத் தொகுத்து 1936-இல் ஒரு கையேடு வெளியிட்டார். 'கிரீன் புக்' என்று பெயர் பெற்ற அது முப்பதாண்டுகள் வெளிவந்தது. தம் நூலுக்கே தேவையில்லாத நாள் ஒன்று வர வேண்டும் என்பதே அதனை வெளியிட்டவரின் அவாவாக இருந்தது. பெயரைச் சொன்னதும் வாடகை வீடு இல்லையென்று கேட்டுத் திரும்பிய அனுபவம் உள்ள நம்மவர் வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் பிறர் மூடிய கதவை எண்ணி வருந்தும்போது, நாம் மூடிய கதவையும் எண்ணிப் பார்ப்பதே நீதி.

*

திரும்புவதற்கு முந்திய இரவு, முகாமில் எங்களுக்கு அடுத்து ஒரு வயதான ஜெர்மானியத் தம்பதி வந்து இறங்கினர். நாங்கள் வந்த வழியே போகப்போகிறவர்கள். கையேட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட முடிவு செய்தேன். கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, பென்சில் குறிப்பின் கீழே மகனைக் கொண்டு ஜெர்மன் மொழியில் ஒரு வரி எழுதுவித்தேன்: '2024 பிப்ரவரி: பெரியவர் இருக்கிறார். நல்ல மனிதர். பணம் நீட்டாதீர்கள்.' அதன் கீழே என் பங்குக்குத் தமிழில் 'உண்மை' என்று எழுதி, மேச்சேரி என்று ஊர்ப்பெயரும் இட்டேன். நான் எழுதிய ஹாஷியாக்களில் மிகச் சிறியது அதுதான். ஒருவருக்கேனும் நிச்சயம் பயன்படக்கூடியதும் அதுதான்.

ஊர் திரும்பிய பின் சுற்றுச்சுவரை இடிக்கவில்லை. காலம் மாறியிருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. சுவருக்கு வெளியே, வேம்பின் நிழலில், பத்தடி நீளத்தில் ஒரு திண்ணை கட்டி, மேலே தகரக் கூரை வேய்ந்து, ஒரு குழாயும் ஒரு விளக்கும் வைத்தேன். கொத்தனார், "பெயர்ப்பலகை என்னன்னு எழுதட்டுங்க?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

முதல் இரண்டு சந்தைகளுக்கு யாரும் வரவில்லை. பலகை வைத்திருக்கலாமோ என்று தோன்றிற்று. மூன்றாம் சந்தைக்கு முந்திய இரவு, இஷா தொழுதுவிட்டு வருகையில், விளக்கின் கீழ் இரண்டு பேர் துண்டை விரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"யாருங்க இந்த இடத்தைச் சொன்னது?" என்று கேட்டேன்.

"மேட்டூர்ப் பக்கம் ஒருத்தர் சொன்னாருங்க, இங்க படுக்கலாம்னு" என்றார் அவர்களில் மூத்தவர். பிறகு சற்றுத் தயங்கி, "படுக்கலாந்தானுங்களே?" என்று கேட்டார்.

தாராளமாகப் படுங்கள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று காட்டினேன்.